ஆண்டுக்குப் பதினொரு பார்வை

எங்கள் பேணகத்தின் வாசலில் ஒரு பலகை உண்டு. 'இங்குள்ள ஆவணங்கள் யாவும் பொதுமக்களுக்கு உரியவை' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே 'பொதுமக்கள் உள்ளே வரக் கூடாது' என்று சின்ன எழுத்தில் இருக்கும். நான் நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றவன். பெரிய எழுத்தைப் படித்து முடிக்கவே எனக்கு நேரமாகும். சின்ன எழுத்துக்கு வந்து சேர்வதற்குள் உள்ளே போய் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

முப்பது வருஷம் அரிசி மண்டியில் மூட்டை தூக்கினேன். இடுப்பு போன பிறகு இங்கே காகிதம் தூக்க வந்தேன். முழுப்பெயர், காஞ்சி வட்டார வரலாற்று ஆவணப் பேணகம். காகிதம் கனமில்லை என்று நினைப்பவர்கள் நூறு வருஷத்துக் காகிதத்தைத் தலையில் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே எதையும் ஓரிடத்தில் இருக்க விடமாட்டார்கள். திங்கட்கிழமை கிழக்கு அலமாரியில் இருக்கும் பெட்டி வியாழக்கிழமை மேற்கு அலமாரிக்குப் போகும். அடுத்த திங்கள் திரும்பி வரும். கேட்டால் காற்றோட்டம் என்பார்கள். நடப்பது என்னவோ நான்தான்.

அந்தப் பெட்டிகளில் பதினேழாவது ஒரு தகரப் பெட்டி. வெள்ளைக்காரன் காலத்து நகர அளவை வரைபடம், துணியில் ஒட்டியது, சுருட்டி அதற்குள் இருந்தது. அதைக் கணக்கில்லாத தடவை தலையில் சுமந்திருக்கிறேன். அதற்குள் எங்கள் அக்காவின் பாதை இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

பாதை என்றால் சுடுகாட்டுப் பாதை. நாங்கள் இருப்பது குட்டைக்கரைத் தெரு. தெருவுக்கு நேர் தெற்கே, வேகவதி ஆற்றங்கரையில், எங்கள் ஜனங்களின் சுடுகாடு. நடுவில் குட்டை. பாதை அந்தக் குட்டையைக் கிழக்குப் பக்கமாக வளைத்துக்கொண்டு போகும். பத்து நிமிஷ நடை. வேலாயுதம் என்பவர் பக்கத்தில் கல்யாண மண்டபம் கட்டினார். கல்யாணத்துக்கு வருகிற கார்கள் நிற்க இடம் வேண்டுமே என்று பாதையின் மேல் சுவர் எழுப்பினார். அன்று முதல் எங்கள் தெருப் பிணங்கள் பெரிய ரோட்டில் மூன்று கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போகின்றன. போன தை மாதம் நாங்கள் ஒரு பாடையோடு போகும்போது எதிரே மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. எங்களைத்தான் ஒதுங்கச் சொன்னார்கள். முகூர்த்தத்துக்கு நேரம் உண்டு, பிணத்துக்கு என்ன அவசரம் என்பது அவர்கள் நியாயம். வெயிலில் முக்கால் மணி நேரம் பாடையோடு நின்றோம். மாப்பிள்ளை குதிரையில் போனார்.

என் அக்கா கங்கையம்மாளுக்கு எழுபத்தொரு வயது. இருதயம் வீங்கிவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னாள்:

"மூணு கிலோமீட்டர் சுத்திக்கினு நான் போவ மாட்டேன்பா. பஸ் ஏறினாலே எனக்கு வாந்தி வரும். அந்தப் பாதைய தொறந்து வுடு. அதுக்கப்புறம் போறேன்."

"நீ எங்கியும் போவ வேணாம், கம்முனு படு."

"ஆமா, இவரு நிறுத்தி வச்சிக்குவாரு. மூட்டையா நானு?"

நில வழக்குகளை விசாரிக்கும் பெரிய அதிகாரியிடம் மனுப் போட்டேன். அவர் நல்லவிதமாகவே பேசினார். "பழைய வரைபடத்துல பாதை இருந்துச்சுன்னா பாதைய அடைச்சிருக்கிற கட்டடம் எதுவா இருந்தாலும் இடிக்கலாம். சான்றளிச்ச நகல் கொண்டு வா. அடுத்த மாசம் இருபத்தொண்ணாம் தேதி விசாரணை" என்றார். வரைபடம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எழுதிக் கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தால், நான் வேலை செய்கிற இடம், நான் தூக்குகிற பெட்டி.

எங்கள் இயக்குநர் திருஞானசம்பந்தம் ஐயா முன்னால் போய் நின்றேன். அவர் எப்போதும் வெள்ளைக் கையுறை போட்டிருப்பார். சாப்பிடும்போது மட்டும் கழற்றுவார், ஸ்பூன் கிடைத்தால் அதுவும் இல்லை.

"ஐயா, பதினேழாம் பெட்டிய ஒரு தபா பாக்கணுங்க."

"நேத்துதானே அதத் தூக்கி மேற்கால வச்ச?"

"தூக்கினேங்க. பாக்கல."

"அப்படியே இரு. தூக்குறது வேற, பாக்குறது வேற. தூக்குறதுக்குக் கழுத்து போதும். பாக்குறதுக்குத் தகுதி வேணும்."

பிறகு மேசை மேல் சாய்ந்துகொண்டு, விழா மேடையில் பேசுகிற தமிழில் எனக்கு விளக்கினார். "ஓர் ஆவணத்தின் முதல் எதிரி கரையான் அன்று. மழையும் அன்று. அதைப் பார்க்க வருகிறவனே அதன் முதல் எதிரி. ஒவ்வொரு பார்வை படும்போதும் மை ஓர் அணுவளவு மங்குகிறது. கூரத்துச் செப்பேடு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் எப்படித் தாங்கியது? ஒருவனும் அதைப் படிக்கவில்லை, அதனால் தாங்கியது."

அதனால் ஓர் ஆவணத்துக்கு ஆண்டுக்குப் பதினொரு பார்வைதான் என்று பேணகம் விதி செய்திருந்தது. அதற்கென்று ஒரு பார்வைப் பதிவேடு. பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அகிலா என்கிற பெண் எனக்காக அதைப் புரட்டிப் பார்த்தாள். படித்த பெண், மரியாதையான பெண்.

"அண்ணே, இந்த வருஷம் பத்து பார்வ ஓவர். நம்ம டைரக்டர் ஒண்ணு. புரவலர் வேலாயுதம் சார், அவர் வைஃப், டாட்டர், மருமகன், நாலு. மருமகன் நடுவுல ஒருவாட்டி கண்ண மூடித் திறந்ததால அது ரெண்டாயிடுச்சு. போட்டோகிராபர் ஒண்ணு. பார்வைங்க ஒழுங்கா செலவாகுதான்னு செக் பண்ண வந்த ரெண்டு பேர். அப்புறம், மேப் மங்கியிருக்கான்னு பாக்க வந்த எக்ஸ்பர்ட்."

"மங்கிச்சா?"

"மங்கியிருக்குதுன்னு எழுதிட்டுப் போனாரு. நிறைய பேர் பாத்ததால."

மண்டபத்து வேலாயுதமும் எங்கள் புரவலர் வேலாயுதமும் ஒரே ஆள்தான். ஊர் வரலாற்றைக் காப்பாற்றுவதில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

பதினோராவது பார்வை அவசரத்துக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். அக்காவின் இருதயத்தைப் பற்றிச் சொன்னேன். மனிதருக்கு வருகிற அவசரம் அதில் சேராது, ஆவணத்துக்கு வர வேண்டும் என்றார்கள். இருந்தாலும் மனம் கேட்காமல் அகிலா ஒரு படிவம் கொடுத்தாள். ஆய்வாளர் பெயர் என்ற இடத்தில் சின்னப்பையன் என்று எழுதினேன். நெறியாளர் யார் என்று கேட்டிருந்தது. என்னை நெறிப்படுத்துகிறவள் ஒருத்திதான், கங்கையம்மாள் என்று எழுதினேன். ஆய்வின் நோக்கம்: மேற்படி நெறியாளரை எடுத்துக்கொண்டு போவது.

முகவரி போடும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டது. அகிலா கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"உங்க ஸ்ட்ரீட் சிஸ்டம்ல வரலியேண்ணே. இல்லாத ஸ்ட்ரீட்ல இருந்து அப்ளிகேஷன் எடுக்க முடியாது."

"இந்த லிஸ்ட்ட எத வச்சும்மா ஏத்துனீங்க?"

"பதினேழாம் பெட்டி மேப்ப வச்சுதான்."

"அதுல எங்க தெரு இல்லியா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பாக்காம ஏத்தினோம்ணே. ஒரு பார்வ வீணாவக் கூடாதுன்னு."

இந்த நேரத்தில் பேணகத்துக்கு ஒரு வயது முடிந்து ஆண்டுவிழா வந்தது. சிறப்பு விருந்தினராக யாரை அழைத்தார்கள் என்றால், என் மனுவை விசாரிக்கிற அதே பெரிய அதிகாரியை. அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். கடையில் வாங்குகிற பொன்னாடை காஞ்சிபுரத்துக்கு அவமானம் என்று குழுவில் பேசினார்கள். அந்த நகர வரைபடத்தையே பட்டில், ஜரிகைக் கோடுகளாக நெய்து போர்த்தலாம் என்று தீர்மானம் ஆயிற்று. எந்த நிறப் பட்டு பொருத்தமாக இருக்கும் என்று பார்ப்பதற்காக வேலாயுதம் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அது பதினோராவது பார்வை. அரக்கு நிறம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நெய்கிறவருக்கு வரைபடம் வேண்டுமே? நெசவாளர் பார்ப்பது பார்வையில் சேராது, அது தொழில் என்று இயக்குநர் ஒரு திருத்தம் எழுதினார். பெட்டியை என் தலையில் ஏற்றினார்கள். பிள்ளையார்பாளையத்தில் தேவேந்திரன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். நாற்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்திருக்கிற மனிதர் அவர். பெட்டியைத் திறந்து, வரைபடத்தை எடுத்துப் பாயில் விரித்து, நான்கு மூலைக்கும் நூல் சுற்றிய நான்கு தார்க்கட்டையை வைத்தார். கையுறை இல்லை. காலை மட்டும் கழுவிக்கொண்டார்.

"ஏம்பா, நின்னுக்கினே இருக்குற? குந்து. பாரு" என்றார்.

பார்த்தேன். எங்கள் தெரு இருந்தது. குட்டை இருந்தது. தெருவிலிருந்து குட்டையைக் கிழக்கால் சுற்றிக்கொண்டு ஆற்றங்கரை வரைக்கும் புள்ளி புள்ளியாகப் பாதை இருந்தது. வெள்ளைக்காரனுக்குக்கூட நாங்கள் எந்த வழியாகப் போகிறோம் என்பது தெரிந்திருக்கிறது. நான் அழவில்லை. இடுப்புதான் வலித்தது.

மூன்று வாரம் தறி ஓடியது. எழுத்துகள் வேண்டாம், அழகாக இருக்காது என்று வேலாயுதம் முதலிலேயே சொல்லியிருந்தார். நடுவில் ஒருநாள் நான் அங்கே இருக்கும்போதே போன் செய்தார். தேவேந்திரன் அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தறிக்கட்டையில் வைத்துவிட்டு, கையை நிறுத்தாமல் பேசினார்.

"அந்தப் புள்ளிக்கோடு ஒண்ணு போவுது பாரு, குட்டையாண்ட. அத வுட்டுடுங்க. பாக்க அசிங்கமா இருக்குது."

"டிசைனுக்கு அட்டை அடிச்சாச்சுங்க. ஒரு இழைய எடுத்தா பக்கத்து இழை சும்மா நிக்காது. மொத்தமும் அவுத்துக்கும்."

"யோவ், ஒரு கோடுதான்யா."

"உங்களுக்குக் கோடு. எனக்கு எரநூத்தி நாப்பது இழை."

அவர் தறியில் துணியின் நல்ல பக்கம் கீழே பார்த்தபடி இருக்கும். நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது பின்பக்கம். ஆகவே அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, அதில் தெரிகிற நல்ல பக்கத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வார். தினமும் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் எல்லாம் வரைபடத்தில் இருந்தபடியே இருந்தது, கிழக்கு கிழக்கில், மேற்கு மேற்கில். எங்கள் இருவருக்கும் திருப்தி.

விழா அன்று மேடையில் மாலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை எனக்கு. சுவரில் கட்டியிருந்த வேலாயுதத்தின் படம் வேலாயுதத்தைவிடப் பெரியதாக இருந்தது. இயக்குநர் சால்வையை விரித்துக் காட்டிவிட்டு, முத்திரை வைத்த ஒரு தாளை எடுத்துப் படித்தார்: "இச்சால்வை மூல வரைபடத்தின் இழை பிசகாத நகல் எனச் சான்றளிக்கிறேன். மூலத்தின் மீது இனியும் பார்வை படாமல் காக்கும் பொருட்டு, எல்லா நோக்கங்களுக்கும் இச்சால்வையே மூலமாகக் கொள்ளப்படும்."

கைதட்டினார்கள். நான் சால்வையைப் பார்த்தேன். தெரு நடுவில் இருந்தது, சரி. சுடுகாடு நேர் கீழே இருந்தது, சரி. பாதை குட்டைக்கு மேற்கே வளைந்து போயிற்று.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தேவேந்திரன் அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் பிற்பாடு என்னிடம் சொன்னது: "நாப்பது வருஷமா அன்னமும் மாங்காவும்தான்பா போட்டிருக்கேன். அன்னத்த எந்தாண்ட திருப்பினாலும் அன்னம்தான். மேப்பு அப்படி இல்லன்னு தோணவே இல்ல. அந்தக் கண்ணாடி வேற திருப்பினதத் திருப்பிக் காட்டியிருக்குது."

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "பெரிய கோயில் கோபுரம் இந்தாண்டதான இருக்குது, சால்வையில அந்தாண்ட இருக்குதே?" என்று கேட்டார். இயக்குநர் சிரித்தார். "நல்ல கேள்வி. கோயில் பிற்காலத்தில் இடம் மாறியிருக்கிறது என்பதை இந்த ஆவணம்தான் உலகுக்கு முதன்முறையாக அறிவிக்கிறது. இதுகுறித்து விரைவில் ஒரு கருத்தரங்கு நடைபெறும்."

அதிகாரிக்குச் சால்வையைப் போர்த்தினார்கள். அவர் நுனியைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது சம்பந்தமா ஒரு பாதை கேஸ் என்கிட்ட இருக்கு. மனுதாரர் யாரு, வந்திருக்காரா?" என்றார்.

மாலைத் தட்டைக் கீழே வைத்தேன். "நான்தானுங்க."

"பாதை இருக்கேப்பா. என் தோள் மேலேயே இருக்கு."

"இருக்குதுங்க. ஆனா அது குட்டைக்குக் கெழக்கால வளையணும். இதுல மேற்கால வளையுது. தப்பா வந்துடுச்சுங்க."

இயக்குநர் ஒலிபெருக்கியை விடாமல் என் பக்கம் திரும்பினார். "மூட்டை தூக்குகிறவன் முத்திரையை எதிர்த்துப் பேசுகிறான், பாருங்கள். நான் கையெழுத்திட்ட ஓர் ஆவணத்தில் கிழக்கு மேற்காக இருக்கிறது என்றால், கிழக்குதான் தவறு செய்திருக்கிறது."

வேலாயுதம் அதுவரை நெற்றியைத் துடைத்தபடி இருந்தார். இப்போது முகம் மலர எழுந்தார். "சால்வை கரெக்டுங்க. நான் மூலத்தையே பாத்தவன். பாதை மேற்காலதான் போவுது. கெழக்கால ஒண்ணும் கெடையாது. எங்க வேணாலும் சாட்சி சொல்றேன்."

"அப்ப இன்னிக்குத் தேதிக்கு அந்த இடத்துல என்ன இருக்கு?" என்று அதிகாரி கேட்டார்.

அகிலா அளவுகோலோடு வந்தாள். அதிகாரியின் முழங்கைக்குக் கீழே குட்டை இருந்தது. அதிலிருந்து மேற்கே அளந்தாள். திரும்பவும் அளந்தாள்.

"சார்... குட்டையிலிருந்து இருநூறு அடி மேற்கு. அது நம்ம பில்டிங் சார். ரெக்கார்டு ரூம் நடுவுல போவுது."

ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் கொய்யென்று கத்திக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

இயக்குநர், அது ஒரு துணிதானே என்று ஆரம்பித்தார். அதிகாரி தம் தோளைப் பார்த்தார். "எனக்குப் போர்த்தினது பொய்யா?" என்று கேட்டார். சரி, மூலத்தைத் திறந்து பார்த்துவிடலாமே என்றும் சொன்னார். பெட்டி மேடைக்குப் பின்னால் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ஒரு நிமிஷ வேலை.

இயக்குநர் பெட்டியைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு பெரிய போராட்டம் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"இந்த ஆண்டுப் பார்வை முடிந்துவிட்டது ஐயா" என்றார். "அடுத்த ஏப்ரல்."

இருபத்தொன்றாம் தேதி உத்தரவு வந்தது. பழைய சுடுகாட்டுப் பாதையை மறித்து நிற்கும் பேணகம் ஓர் ஆக்கிரமிப்பு என்பது அதன் சொந்த ஆவணத்தாலேயே மெய்ப்பிக்கப்படுகிறது, ஆகவே உடனே வழி விட வேண்டும் என்று அதில் இருந்தது. ஆவண அறையின் வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் இடித்தார்கள். அந்தச் செங்கல்லையும் நான்தான் தூக்கினேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். "பாதை தொறந்தாச்சு. ஆனா கெழக்கால இல்ல, மேற்கால."

"எந்தாண்ட இருந்தா இன்னாப்பா. போய்ச் சேர்றது ஒரே எடம்தான?"

"பேணகத்துக்குள்ள பூந்து போவணும். விதியெல்லாம் போட்டிருக்காங்க."

விதிகளை நான் எழுத்துக் கூட்டி அவளுக்குப் படித்துக் காட்டினேன். பாடை தூக்குவோர் வெள்ளைக் கையுறை அணிய வேண்டும். பூ, பொரி, சில்லறை இறைக்கக் கூடாது. உடன் வருவோர் அலமாரிகளைப் பார்க்காமல் நேராகப் பார்த்து நடக்க வேண்டும். இறந்தவர் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும்.

அக்கா சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. நெஞ்சைத் தேய்த்துவிட்டேன். "எனக்குக் கையெழுத்து வராதே. கைநாட்டு வைப்பேன்னு சொல்லு" என்றாள்.

அடுத்த புதன்கிழமை காலையில் அவள் போய்விட்டாள். பாதை திறந்தால் போகிறேன் என்று சொன்னவள், சொன்ன சொல் தவறவில்லை.

பத்து மணிக்கு எடுத்தோம். நாங்கள் நாற்பத்துநான்கு பேர். நான் முன்பக்கம் தோள் கொடுத்தேன். வடக்கு வாசலில் நிறுத்தினார்கள். கையுறை கொடுத்தார்கள். என் கைக்கு அது பத்தவில்லை, விரல் நுனியில் மாட்டிக்கொண்டேன். அகிலா பதிவேட்டை நீட்டினாள். அவள் கண் சிவந்திருந்தது. 'பார்வையிட வந்த ஆவணம்' என்ற கட்டத்தில் எதுவும் இல்லை என்று அவளே எழுதினாள். அக்காவின் கட்டை விரலை மையில் தொட்டு நான் வைத்தேன்.

உள்ளே போனோம். மேளம் அடிக்கக் கூடாது என்று விதியில் இல்லை, அவர்களுக்கு அது தோன்றவில்லை. நான்கு மேளமும் அந்த அறைக்குள் ஒன்றாக முழங்கின. அலமாரிகள் அதிர்ந்தன. ஒரு வருஷமாகக் கிழக்கிலும் மேற்கிலும் நான் சுமந்த பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. பதினேழாம் பெட்டி நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து, எங்கள் காலடியில் விழுந்து திறந்துகொண்டது. வரைபடம் தானாக உருண்டு விரிந்தது.

மேளம் நின்றது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். குட்டை. தெரு. கிழக்கால் வளைந்து போகிற புள்ளிப் பாதை. எங்கள் தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இயக்குநர் ஓடி வந்தார். பாதை எந்தப் பக்கம் என்பதை அவர் பார்க்கவே இல்லை. "எண்ணு, எண்ணு" என்றார் அகிலாவிடம். அவள் தலை எண்ணினாள்.

"நாப்பத்தஞ்சு சார்."

"படுத்திருக்கிறவங்களையும் சேத்தா?"

"ஆமா சார்."

அவர் பாடையருகே வந்து, கையுறைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் அக்காவின் முகத்துக்கு நேரே குனிந்தார். நன்றாகப் பார்த்தார். கண்கள் மூடியிருந்தன.

"நாப்பத்துநாலுன்னு எழுது" என்றார். "ஆண்டுக்குப் பதினொண்ணு. நாலு வருஷம் இதை யாரும் பாக்க முடியாது. நகலும் கிடையாது."

நாங்கள் தோளை மாற்றிக்கொண்டு தெற்கு வாசல் வழியாக வெளியே வந்தோம். ஆறு தெரிந்தது. பேணகம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு விதியையும் மீறாமல் அந்த அறையைக் கடந்து போனவள் என் அக்கா ஒருத்திதான்.